ஹக்கிள்பெரி இலையில் ஒரு சிவப்பு

1

இந்தக் கதை எனக்குப் பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் கிடைத்தது. சொன்னவள் ட்ரூடி. அம்பு பறந்து, மழை வந்து, கத்தியை எடுத்தது வரைக்கும் சொல்லியிருந்தாள். அதற்குள் உள்ளேயிருந்து அவள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். திரும்பி வந்தபோது பாதி வாய் மரத்துக் கிடந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள். பாவம், முழுசாகத்தான் சொன்னாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. மறுபடி கேட்க வெட்கப்பட்டுத் தலையை ஆட்டி வைத்தேன்.

ஆக, முடிவு புரிந்ததுபோல் தலையாட்டிய ஆள் எழுதும் கதை இது. அந்த அளவுக்கு என்னை நம்பினால் போதும்.

2

முதல் தொடக்கம்: 'ஐடஹோவின் மலைக்காட்டில் செப்டம்பர் மாத மூடுபனி ஒரு வெள்ளைத் துணியைப் போல—' வேண்டாம். மூடுபனி மூடுபனியைப் போலத்தான் இருந்தது.

இரண்டாவது: 'மார்லிஸ் வில்லைத் தூக்கியபோது அவள் கை நடுங்கவில்லை.' பொய். நன்றாகவே நடுங்கியது.

மூன்றாவது, வேறு வழியில்லாமல்: மார்லிஸ் வீட்டு ஃப்ரீசர் காலியாக இருந்தது.

வருஷா வருஷம் அவள் புருஷன் வெய்லன் ஒரு எல்க் மானை அடித்துக்கொண்டு வருவான். குதிரை உயரத்துக்கு நிற்கும் மான்; ஒன்று கிடைத்தால் பனிக்காலம் முழுக்க வீட்டில் கறிக்குப் பஞ்சமில்லை. இந்த வருஷம் அவனுக்குத் தோளில் ஆபரேஷன். நாணை இழுக்க முடியாது. அதனால் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிற மார்லிஸ், கோடை முழுக்க வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் கட்டின் மேல் அம்பு விட்டுப் பழகினாள். வேட்டைச் சீட்டும் அவள் பெயரில் வாங்கியாயிற்று. ஒரு சீட்டுக்கு ஒரு மான்.

[அந்த வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அம்பு பட்டு ஒரு சொட்டு ரத்தம் சிந்திவிட்டால், மான் கைக்குக் கிடைக்காமல் ஓடிவிட்டாலும் சீட்டு தீர்ந்தது. மான் கிடைத்தால் செய்வதுபோலவே கத்தியை எடுத்துச் சீட்டின் ஓரத்தில் அச்சிட்டிருக்கும் மாதத்தையும் தேதியையும் வெட்டிவிட வேண்டும்; இரண்டும் வெட்டிய சீட்டு பிறகு செல்லாது. சட்டம் அப்படிக் கேட்கவில்லை. காட்டில் யாரும் பார்க்கப்போவதும் இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.]

3

ட்ரூடி, வெய்லனின் தங்கை. இந்த வருஷம் அவளிடம் சீட்டு இல்லை; பெட்டை மான் மாதிரி குரல் கொடுக்க மட்டும் கூட வந்தாள்.

"அண்ணி, நீ இங்கயே நில்லு. நான் பின்னால போய்க் கத்துறேன். கடா என்னைத் தேடிக்கிட்டு வரும். வழியில நீ இருப்ப. அவ்வளவுதான்."

"எவ்வளவு நேரம் நிக்கணும்?"

"வர்ற வரைக்கும். உன் பஸ்ஸுக்குப் புள்ளைங்க நிக்குதுல்ல, அந்த மாதிரி."

"அதுங்க என்னைக்கு ஒழுங்கா நின்னுச்சு?"

"ஓட்டுற ஆளு அப்படி."

[அவர்கள் ஒருவரை ஒருவர் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எழுதும்போது என் கை தானாக 'அண்ணி' என்று போட்டுவிட்டது. நாத்தனார் கேலியை வேறு எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை.]

மார்லிஸ் நின்றாள். இடுப்பு வரைக்கும் பெரணிச் செடி. சுற்றிலும் தேவதாரு. கல்லை விட்டெறிந்தால் விழுகிற தூரம்கூடக் கண்ணுக்குத் தெரியாது. கொஞ்ச நேரத்தில் காற்று திரும்பிப் பிடரியில் பட்டது. காற்று போகிற பக்கம் தெரிய, சின்னக் குப்பியை அமுக்கி மாவைத் தூவிப் பார்த்தாள்; மாவு நேராகக் கடா வரவேண்டிய பக்கம் போனது. அவள் வாசனையும் அப்படித்தானே போகும்? நகர்ந்தாள். கத்திச் சொன்னால் காடே கேட்கும் என்பதால், நகர்ந்ததை ட்ரூடியிடம் சொல்லவில்லை. காற்று மறுபடி திரும்பியது, மறுபடி நகர்ந்தாள். இப்போது எது முன்பக்கம், எது பின்பக்கம் என்றே அவளுக்குத் தெரியவில்லை.

மேட்டுப் பக்கமிருந்து ஒரு பெட்டை கூப்பிட்டது. மார்லிஸ் வாயிலும் பெட்டைக் குரல் எழுப்ப ஊதுகிற ரப்பர் சவ்வு இருந்தது. பதில் கொடுத்தாள். அது பதில் கொடுத்தது. பெட்டை இருக்கிற இடத்தில் கடாவும் இருக்கும் என்று நினைத்துக் கொஞ்சம் கிட்டே போனாள். அதுவும் கிட்டே வந்தது.

இங்கே நிறுத்துகிறேன், நீங்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். ஆமாம், அது ட்ரூடிதான். செப்டம்பரில் இந்த மலையில் இப்படி யாராவது யாரையாவது கூப்பிட்டுக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஊருக்குள் வந்து ஒருவரும் வாய் திறப்பதில்லை. மார்லிஸுக்குக் கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பாசமாக அவர்கள் இருவரும் பேசிக்கொண்டதே கிடையாது.

4

அந்தப் பேச்சை மூன்றாவதாக ஒருவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

கடா சத்தமே இல்லாமல் பள்ளத்துப் பக்கம் வந்து நின்றது. [ட்ரூடி மேட்டில் இருக்கிறாள், பயப்படாதீர்கள். அம்பு அவள் மேல் படுகிற மாதிரி ஒன்று எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன்.] இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கால், மங்கலான பழுப்பில் கொஞ்சம் தோள், அவ்வளவுதான் தெரிந்தது. மார்லிஸ் நாணை இழுத்தாள். விட்டாள்.

'சதக்' என்று கேட்டது. இப்படித்தான் முதலில் எழுதினேன். அப்படி எழுதினால் அது சதையில் பட்ட சத்தம். அடித்துவிட்டு 'டொக்' என்று போட்டேன். அது மரம். இரண்டையும் அடித்துவிட்டேன். ஒரு சத்தம் கேட்டது. செடிகள் முறிந்தன. பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

புதரை விலக்கிக்கொண்டு ட்ரூடி வந்தாள்.

"அந்தப் பெட்டை நீயா?"

"நீயா அது?" என்றாள் மார்லிஸ்.

"நான் ஏதோ சளி புடிச்ச பெட்டைனு நெனச்சேன்." சொல்லிவிட்டு அண்ணியின் முகத்தைப் பார்த்தாள். "என்ன ஆச்சு?"

"அம்பு விட்டுட்டேன்."

"எங்க பட்டுச்சு?"

"தெரியல."

"தெரியலன்னா?"

"கண்ணைத் தொறந்துக்கிட்டுத்தான் இருந்தேன், ட்ரூடி. ஆனா தெரியல."

உடனே பின்னால் போனால் அடிபட்ட மான் இன்னும் தூரம் ஓடும். உட்கார்ந்து காத்திருந்தார்கள். அப்புறம் தேடினார்கள். அம்பு மரத்திலும் இல்லை, மண்ணிலும் இல்லை. ஒரு ஹக்கிள்பெரி இலையில் மட்டும் சிவப்பாக ஒரு சொட்டு இருந்தது. செப்டம்பரில் அந்தச் செடியே பாதி சிவந்துதான் இருக்கும். சிவப்புச் சாறு வடியும் அதன் சின்னப் பழங்களைக் கரடி மிதித்து நசுக்கிவிட்டுப் போயிருக்கும்.

ட்ரூடி விரலால் தொட்டு மோந்தாள்.

"பழம்."

"ரத்தம்."

"பழம் அண்ணி. வேணும்னா நீயே மோந்து பாரு."

"காலையிலேர்ந்து பழமாத் தின்ன கை. நீ எதைத் தொட்டாலும் பழம்தான் மணக்கும்."

மார்லிஸ் குனிந்து பார்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இலை கழுவிவிட்ட மாதிரி ஆனது.

5

முடிவு ஒன்று: அடுத்த ஓடையில் கடா விழுந்து கிடக்கிறது. அழுதுகொண்டே சிரிக்கிறார்கள், ஃப்ரீசர் நிறைகிறது. இதை மத்தியானம் சாப்பிடுவதற்கு முன் எழுதினேன். பசியில் எழுதியது, நம்பாதீர்கள்.

முடிவு இரண்டு: உளுத்த கட்டை ஒன்றில் அம்பு சுத்தமாகக் கிடைக்கிறது, ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல். மார்லிஸ் நிம்மதியாக—

இல்லை. அவளை அவ்வளவு சுலபமாக விட எனக்கு மனசு வரவில்லை. எனக்கே தெரியாத நிம்மதியை அவளுக்கு எங்கிருந்து கொடுப்பேன்?

ட்ரூடி சொன்னதை அப்படியே எழுதுகிறேன். மழை விடும் வரை தேடினார்கள். ஒரு தடமும் இல்லை. பிறகு மரத்தடியில் மார்லிஸ் சீட்டை எடுத்தாள்.

"இன்னும் ஒரு வாரம் வேட்டை இருக்கு. பைத்தியமா உனக்கு? ஃப்ரீசர்ல என்ன வச்சிருக்க?"

"பட்டாணி."

"பட்டாணிய வச்சுப் பனிக்காலத்தை ஓட்டப்போறியா? படலைன்னு சொல்லிடு. அண்ணன்கிட்ட நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"படலையா, ட்ரூடி?"

ட்ரூடி விரலை மறுபடி மோந்து பார்த்தாள்.

"எனக்கு எப்படி அண்ணி தெரியும்?"

மார்லிஸ் கத்தியை விரித்து மாதத்தை வெட்டினாள். அதில் ஒன்றும் நஷ்டமில்லை. அடுத்த வாரம் அடித்தாலும் செப்டம்பர்தான். அடுத்து இருப்பது தேதி.

இந்த இடத்தில்தான் ட்ரூடியை உள்ளே கூப்பிட்டார்கள். சளி பிடித்த பெட்டையையும் பட்டாணியையும் நானே சேர்த்தேன். வேண்டுமென்றால் மழையைக்கூட நிறுத்திவிடுவேன். அந்த அம்பு எங்கே போனது என்பது மட்டும் எத்தனை தடவை எழுதினாலும் எனக்குப் பிடிபடவில்லை.

கத்தி முனை தேதியின் மேல் நிற்கிறது. அந்த இலையை நீங்களும்தான் பார்த்தீர்கள். பட்டதா, இல்லையா என்று மார்லிஸ் கேட்கிறாள். சொல்லுங்கள்.