முகமூடி கொண்டுவந்த பதில்

பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே எலிட்சாவுக்கு மறுபடி வலிப்பு வந்தது. கோப்பை உருண்டு தரையெல்லாம் பால். நெவேனா மகளை ஒருக்களித்துப் படுக்கவைத்து, அவள் மணிக்கட்டில் கட்டியிருந்த, நோய் அண்டாதிருக்க மார்ச் மாதத்தில் அணியும் சிவப்பு வெள்ளை நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். வலிப்பு நின்று குழந்தை தூங்கிப்போனது.

சோபியா நகரம் முழுக்க அவளுடைய வலிப்பு மருந்துக்குத் தட்டுப்பாடு. வீட்டிலிருந்த பாட்டிலில் அடிமட்டம் தெரியத் தொடங்கியதும், யாரிடமும் சொல்லாமல், டாக்டரிடம்கூடக் கேட்காமல், நெவேனா அளவைப் பாதியாகக் குறைத்திருந்தாள். கணவன் யாவோருக்கும் தெரியாது.

எந்தக் கடைக்குச் சரக்கு வந்திருக்கிறது என்று சொல்ல மருந்துக்கடைகளின் இணையதளம் ஒன்று உண்டு. நிரல் எழுதிப் பிழைப்பவள் சும்மா இருப்பாளா? தளத்தை ஓயாமல் எட்டிப்பார்க்க ஒரு நிரலை ஏவிவிட்டாள். மனிதர்களுக்குப் பதில் இயந்திரங்கள் வந்து நின்றால் அந்தத் தளத்துக்கு ஆகாது. அதனால் அலுவலகத்தில் 'முகமூடி' என்று கூப்பிடும் ஆயத்த நிரல் லைப்ரரியை அதில் சேர்த்திருந்தாள். ஏதோ ஒரு மனுஷி பிரவுசரைத் திறந்ததுபோலவே பேசி, பக்கத்தை வாங்கிவரும் சரக்கு அது. வாரம் முழுக்க அது வாங்கிவந்த பதில் ஒன்றுதான்: இல்லை.

"உன் முகமூடி என்ன சொல்லுது?" தரையைத் துடைத்தபடி யாவோர் கேட்டான்.

"எங்கயும் இல்லையாம்."

"திருவிழாவுல முகமூடி மாட்டுற குக்கேரி வேஷக்காரன்கூட மணியை ஆட்டி நாலு பேயை விரட்டுவான். இது தினம் வெறுங்கையோட வந்து நிக்குது."

"கிண்டல் பண்ற நேரமா இது? பாட்டில் முடியப்போகுது, யாவோர்."

"எனக்கு மட்டும் தெரியாதா? பயத்துல வாய் என்னமோ உளறுது. ஏதாவது கடைக்குப் போன் போட்டுக் கெஞ்சிப் பாரேன்."

எண் தேடுவதற்காகக் கைபேசியில் அதே தளத்தைத் திறந்தாள். இரண்டு தெரு தள்ளியிருக்கும் கடையின் பெயருக்கு எதிரே பச்சை எழுத்தில் 'இருக்கிறது' என்றிருந்தது. மடிக்கணினியைப் பார்த்தாள். அதில் 'இல்லை'.

நிரலைத் திறந்ததும் தன் கைவரிசை கண்ணில் பட்டது. பிரவுசரின் புதுப் பதிப்பு வந்ததே என்று, தன்னை இன்ன பிரவுசர் என்று முகமூடி சொல்லும் பெயரை மட்டும் கையால் புதிதாக மாற்றியிருந்தாள். ஆனால் இணைப்பைத் தொடங்கும்போது தளத்தோடு முதலில் கைகுலுக்கும் விதம் லைப்ரரிக்குள்ளே இருப்பது. அது பழைய பிரவுசருடையதாகவே இருந்துவிட்டது. பெயரில் மட்டும் கைவைக்காதீர்கள் என்று அதை எழுதியவர்கள் தலைதலையாக அடித்துக்கொள்கிறார்கள். யார் கேட்கிறார்கள்? தளம் வேஷத்தைக் கண்டுகொண்டது. கழுத்தைப் பிடித்துத் தள்ளியிருந்தாலாவது அவளுக்கு உறைத்திருக்கும். பாவி, என்றைக்கோ எடுத்த பழைய பக்கத்தை நீட்டி அனுப்பிக்கொண்டிருந்தது.

கடைக்குப் போன் போட்டாள். மருந்தின் பெயரைச் சொன்னாள்.

"அந்த மருந்தா? போன வாரமே வந்துடுச்சேம்மா," என்றார் கடைக்காரர். "தளத்துலயும் அன்னிக்கே போட்டுட்டோமே. எடுத்து வைக்கிறேன், வாங்க."

யாவோர் கோட்டுகூடப் போடாமல் படியிறங்கி ஓடினான். மூச்சிரைக்கத் திரும்பி வந்தவன் முகமெல்லாம் சிரிப்பு. புதுப் பாட்டிலைத் திறந்து, ஊசியில்லாத சிரிஞ்சில் மருந்தை முழு அளவுக்கு இழுத்தான். பாதி அளவுக்கு நெவேனா அதில் பேனாவால் போட்டிருந்த கோட்டை அவன் கவனிக்கவில்லை. அவள் மகளை எழுப்பக் குனிந்தாள்.

எலிட்சா கண் விழித்து எழுந்து உட்கார்ந்தாள். சிரிஞ்சைப் பார்த்தாள்.

"அப்பா, உனக்குத் தெரியாதா? அம்மா அந்தக் கோடு வரைக்கும்தான் குடுப்பா."

யாவோரின் சிரிப்பு அப்படியே நின்றது. சிரிஞ்சைப் பிடித்த கை அசையாமல், அவன் மெல்லத் திரும்பி நெவேனாவைப் பார்த்தான்.