திருத்தம் ஏதும் உண்டா?

மிஸ் ப்ரூயிட் காப்பியைத் தொடவில்லை. லொரீனா டாலிவர் வீட்டில் இருப்பதிலேயே நல்ல கோப்பையாகப் பார்த்து எடுத்து, இரண்டு முறை துடைத்து ஊற்றி வைத்த காப்பி. அது ஆறிப்போய்க் கிடந்தது. டீச்சர் கையுறையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள்.

“வெர்னாவுக்கு நான் நல்லதுதான் நினைப்பேன், லொரீனா. அந்த வெள்ளிக்கிழமை ஒரு நாள் மட்டும் அவளுக்கு உடம்பு சரியில்லைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுத்துடு. யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாம முடிஞ்சுடும்.”

மிஸ் ப்ரூயிட்டைவிட லொரீனா பத்து வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் தாய்மார்களை எல்லாம் ‘மிஸஸ்’ போட்டுத்தான் டீச்சர் கூப்பிடுவாள். இங்கே வெறும் லொரீனா. அடுப்பருகே நின்றிருந்த வெர்னாவுக்கு அது உறைத்தது. அம்மா அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள்.

விஷயம் இதுதான். அந்த வெள்ளிக்கிழமை பள்ளியில் வசந்தகால நடனம். அதைத் தொடங்கிவைப்பது மாணவர் மன்ற நிர்வாகிகளின் அணிவகுப்பு. வாத்தியம் முழங்க, தலைவர் துணைத்தலைவியின் கையைக் கோத்துக்கொண்டு முன்னால் நடப்பார். பின்னால் அதேபோல் பொருளாளரும் செயலாளரும். இருபத்தைந்து வருஷமாக அந்தப் பள்ளியில் இது மாறியதில்லை. ஆற்றுக்கு இந்தப் பக்கம் இருந்த கறுப்பர் பள்ளியைப் போன வருஷம் மூடி, வெர்னாவையும் மற்றப் பிள்ளைகளையும் வெள்ளையர் படித்த இந்தப் பெரிய பள்ளியில் சேர்த்தார்கள். இந்த வருஷம் வெர்னா செயலாளராக ஜெயித்தாள். அந்தப் பதவிக்கு யாரும் முட்டி மோதவில்லை என்பதும் உண்மைதான். செவ்வாய் தவறாமல் மன்றக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பு எழுத வேண்டும், தட்டச்சு அடிக்க வேண்டும். அழகாக எழுதுகிற பெண், சொன்ன வேலையைச் செய்கிற பெண் என்று ஓட்டுப் போட்டவர்கள், மே மாதம் அவள் யார் கையைப் பிடித்துக்கொண்டு நடப்பாள் என்பதை யோசிக்கவே இல்லை. பொருளாளர் ரஸ்ஸல் ஹென்ஷா. வெள்ளைக்காரப் பையன். அவன் வீட்டில்தான் பதினோரு வருஷமாக லொரீனா துணிகளுக்கு இஸ்திரி போடுகிறாள்.

டீச்சரின் கார் தெருமுனை திரும்பியதும் லொரீனா பேனாவைத் தேடினாள்.

“எனக்கு உடம்பு நல்லாத்தாம்மா இருக்கு,” என்றாள் வெர்னா.

“இருக்கட்டும்டி. ஒரு பொழுது படுத்துக்க. ஹென்ஷா அம்மா நேத்து எங்கிட்ட ஒரு வார்த்தை பேசல, தெரியுமா? சட்டைங்கள எல்லாம் பின்வாசப்படியில வச்சுட்டு உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. ஜெயிச்சியா, எழுது. வேணாங்கல. கூட ஆடவும் வேணுமா?”

“ஆட்டம் இல்லம்மா. நடக்கறதுதான். ஒரு முப்பது அடி.”

பின்கட்டில் சூளைச் செங்கல் தூசு படிந்த பூட்ஸைத் துடைத்துக்கொண்டிருந்த அப்பா ஆமோஸ் நிமிர்ந்தார். டீச்சர் இருந்தவரை அவர் வாய் திறக்கவில்லை.

“முப்பது அடிதானா? அதுக்கா அந்தம்மா ஞாயித்துக்கிழமையும் அதுவுமா இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கிட்டு வந்துச்சு?” என்றார். பிறகு மனைவியிடம், “சீட்டு எழுதாத. பொய்க் கையெழுத்து இந்த வீட்டுலேர்ந்து போக வேணாம்,” என்றார்.

லொரீனா பேனாவை வைத்துவிட்டாள். ஆனால் வெர்னாவுக்காகத் தைத்துக்கொண்டிருந்த வெள்ளை கவுனை அன்று முழுவதும் கையில் எடுக்கவில்லை.

மறுநாள் ரசாயன வகுப்பு முடிந்து வெளியே வரும்போது ரஸ்ஸல் அவளோடு சேர்ந்து நடந்தான். அவன் கெட்டவன் இல்லை. கூட்டம் முடிந்து எல்லாரும் ஓடியபின் நாற்காலிகளை அடுக்க அவளுக்குக் கைகொடுக்கிறவன் அவன் ஒருவன்தான். வீட்டில் அம்மா நச்சரிப்பதையும், அப்பா சாப்பாட்டு மேசையில் கத்தியைக் கீழே போட்டுவிட்டு எழுந்துபோனதையும் சொன்னான்.

“ஆனா நான் நடக்கத்தான் போறேன். உங்கூடத்தான். யாரு என்ன சொன்னா எனக்கென்ன?”

வெர்னா அன்று வீட்டுக்குப் போய், கவுனின் ஓரத்தைத் தானே மடித்துத் தைத்தாள். லொரீனா சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தையல் கோணுகிறது என்று பிடுங்கி, பிரித்துப்போட்டு மறுபடி தைத்தாள்.

செவ்வாய்க்கிழமை மன்றம் கூடியது. பள்ளியின் ஒவ்வொரு கழகத்துக்கும் அதில் ஒரு பிரதிநிதி. நாடகக் கழகத்தின் ஜோன் மெரிட் எழுந்து ஒரு காகிதத்தைப் பார்த்துப் படித்தாள். செயலாளருக்கு எழுத்து வேலை அதிகமாக இருப்பதால், நடனத்தன்று அவர் வாசலில் அமர்ந்து விருந்தினர் பெயர்ப் பதிவைக் கவனித்துக்கொள்வார். அணிவகுப்பில் அவருடைய இடத்துக்கு வேறொரு மாணவியை ஆலோசகர் நியமிப்பார். காகிதத்தில் இருந்த எழுத்து மிஸ் ப்ரூயிட்டுடையது. வெர்னா அதை மூன்று நாற்காலி தள்ளியிருந்தே அடையாளம் கண்டாள்.

“வழிமொழிகிறவர் யார்?” என்று கேட்டான் தலைவன் டொனால்ட் க்ரீவ்.

யாரும் அசையவில்லை. வழிமொழிய ஆள் இல்லையென்றால் தீர்மானம் அங்கேயே செத்துப்போகும். அது எல்லாருக்கும் தெரியும். ஒருவன் பென்சில் சீவினான். உலக நட்புறவுக் கழகத்துப் பெண் ஜன்னலைப் பார்த்தாள். டொனால்ட் இன்னொரு முறை கேட்டான். மன்றத்தின் ஆலோசகராகச் சுவரோரமாக உட்கார்ந்திருந்த மிஸ் ப்ரூயிட் ரஸ்ஸலைப் பார்த்தாள்.

ரஸ்ஸலின் கை தோள்வரைக்கும் எழுந்தது. “வழிமொழிகிறேன்.”

வெர்னா அதை எழுதினாள். பேனா நின்றுவிடவில்லை, அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. பிறகு கையைத் தூக்கி, பேர் கூப்பிட்டு ஓட்டெடுக்கக் கேட்டாள். ஒரே ஒரு உறுப்பினர் கேட்டாலும் அப்படித்தான் எடுக்க வேண்டும், ஒவ்வொருவர் சொன்னதும் குறிப்பில் ஏற வேண்டும். செப்டம்பர் மாதம் முதல் கூட்டத்தில் இந்த விதியை மூன்று தடவை சொல்ல வைத்து மனப்பாடம் செய்வித்தவள் மிஸ் ப்ரூயிட்தான். மக்களாட்சி இங்கேதான் ஆரம்பிக்கிறது, பிள்ளைகளா, என்று அன்று சொல்லியிருந்தாள்.

பேர் கூப்பிடுவது செயலாளரின் வேலை. வெர்னா கூப்பிட்டாள். லத்தீன் கழகம், ஆமாம். வாத்தியக் குழு, ஆமாம். விவிலியக் கழகம் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆமாம். கொரியக் குழந்தைகளுக்குப் பழைய துணி சேர்த்து அனுப்புகிற உலக நட்புறவுக் கழகம், கேட்கிறதா இல்லையா என்கிற குரலில், ஆமாம். இளம் விவசாயிகள் கழகத்துப் பையன், வருஷம் முழுக்க வாயே திறக்காதவன், தன் பூட்ஸைப் பார்த்தபடி “இல்ல” என்றான். ஏன் என்று அன்றும் பின்னும் யாருக்கும் தெரியவில்லை. பொருளாளர், ஆமாம். செயலாளர் என்று தன்னையே கூப்பிட்டுக்கொண்டு, இல்லை என்று தானே பதில் சொன்னாள். பதின்மூன்று ஆமாம், இரண்டு இல்லை, இரண்டு பேர் நடுநிலை.

மறுநாள் தட்டச்சு அறையில் மிஸ் ப்ரூயிட் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“தீர்மானம் நிறைவேறியதுன்னு ஒரு வரி போதும்மா. பேரெல்லாம் வேண்டாமே. சின்னப் பிள்ளைங்க. நாளைக்குச் சங்கடப்படுவாங்க.”

“விதியில பேர் போடணும்னு இருக்கு, மேடம்.”

“விதி எனக்குத் தெரியாதா?”

“நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க, மேடம்.”

மிஸ் ப்ரூயிட்டின் முகம் சிவந்தது. ஞாயிற்றுக்கிழமை தன் வீட்டுக்கு வந்து டீச்சர் பொய்ச் சீட்டு கேட்டதையும் எழுத வேண்டும் என்று வெர்னாவுக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அது கூட்டத்தில் பேசியது இல்லை; எழுத முடியாது. அவள் எழுதவில்லை.

வீட்டில் விஷயம் தெரிந்தபோது லொரீனா அழுவாள் என்று வெர்னா எதிர்பார்த்தாள். லொரீனா அழவில்லை. அன்று காலைதான் ஹென்ஷா வீட்டில், அணிவகுப்புக்கு ரஸ்ஸல் போடப்போகிற சட்டையை, காலர் விறைப்பாக நிற்கக் கஞ்சி போட்டு இஸ்திரி போட்டுவிட்டு வந்திருந்தாள். ஹென்ஷா அம்மாள் ரொம்ப நாளைக்கப்புறம் சிரித்துப் பேசினாளாம். ஒரு துண்டு கேக்கைக்கூடக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தாளாம். லொரீனா கேக்கைப் பிரிக்காமல் பின்வாசலுக்குப் போய்க் கோழிகளுக்குப் போட்டாள்.

“வாசல்ல உக்காந்து அவங்க பேரையெல்லாம் எழுதப் போறியா?” என்று கேட்டாள்.

“மாட்டேம்மா.”

“சரி. அந்தக் குறிப்பைப் படிக்கறப்ப முணுமுணுக்காத. கடைசி வரிசைக்குக் கேக்கணும்.”

நடனத்துக்கு மூன்று நாள் முன்னால், அடுத்த செவ்வாய் வந்தது. போன கூட்டத்தின் குறிப்பைப் படிப்பதுதான் எப்போதும் முதல் வேலை. வழக்கமாக யாரும் காது கொடுப்பதில்லை. கொட்டாவி விடுவார்கள், பின்னலைச் சரிசெய்வார்கள். படித்து ஏற்றபின் அந்தத் தாள் எல்லா வகுப்பறைக் கதவிலும் ஒட்டப்படும்.

வெர்னா எழுந்து நின்று படித்தாள். கோபமோ அழுகையோ குரலில் இல்லை. முன்மொழிந்தவர் ஜோன் மெரிட். வழிமொழிந்தவர் ரஸ்ஸல் ஹென்ஷா. ஆமாம் என்றவர்கள், என்று தொடங்கிப் பேர்பேராக, கழகம் கழகமாக, பதின்மூன்றையும் நிதானமாகப் படித்தாள். கொட்டாவி நின்றது. தன் பேர் வந்தபோது ஒவ்வொரு தலையும் ஒரு கணம் குனிந்து எழுந்தது. ஒரு சொல்லும் பொய் இல்லை. ஒரு சொல்லும் கூடுதல் இல்லை.

“திருத்தம் ஏதும் உண்டா?” என்றான் டொனால்ட், மேசையைப் பார்த்து.

நாற்காலி ஒன்று கிரீச்சிட்டது. ரஸ்ஸல் எழுந்து நின்றான். காதுமடல் வரை சிவந்திருந்தான்.

“ஒரு திருத்தம். வழிமொழிந்தார்னு மட்டும் இருக்கு. அதுல… மனமில்லாம வழிமொழிந்தார்னு சேர்க்க முடியுமா, வெர்னா?”

வெர்னா பேனாவின் மூடியைக் கழற்றினாள். எழுதத் தயாராகத்தான் அவனை ஏறிட்டுப் பார்த்தாள்.

“அன்னைக்கு அப்படிச் சொன்னியா?”

அவன் மிஸ் ப்ரூயிட்டைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

“சொல்லல. மனசுல நெனச்சேன்.”

“வாயால சொன்னதுதான் குறிப்புல வரும், ரஸ்ஸல்.”

அவன் இன்னும் நின்றுகொண்டே இருந்தான். உட்காரச் சொல்லவும் யாருக்கும் தோன்றவில்லை. தலைவன் வாய் திறக்காததால், செயலாளரே பதினாறு பேரையும் ஒருமுறை பார்த்து, வேறு திருத்தம் உண்டா என்று கேட்டாள். கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு குனிந்து, தாளின் அடியில், தேதி போட்டு எழுதினாள்: திருத்தமின்றி ஏற்கப்பட்டது.