இருநூறு சொற்களுக்குள்

வால் மட்டும் தரையில் துடித்துக்கொண்டிருக்கிறது, கதவிடுக்கில் அதை அறுத்துப் போட்டுவிட்டுப் பல்லி எங்கே ஏறிப்போயிற்றோ, நான் வாலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன், ஏட்டி, சொல்லு, இன்னைக்குத்தான் கடைசி நாளு, சர்வரு படுத்துரும் என்கிறாள் கணினி மையத்து ஜெசிந்தா அக்கா, எனக்குத் தமிழில் தட்டத் தெரியாது, நான் சொல்லச் சொல்ல அவள்தான் தட்டுகிறாள், பி.எட். விண்ணப்பம், நீங்கள் ஏன் ஆசிரியராக விரும்புகிறீர்கள், இருநூறு சொற்களுக்குள், ஏன் என்றால், இது மையத்துச் சுவரா வகுப்புச் சுவரா, மூன்றாம் வகுப்பில் எழுந்து நின்று வாசிக்கிறேன், நான் பள்ளிக்குச் செல்கிறேன், ளகரத்துக்கு என் நாக்கு மடங்காது, பல்லிக்கு என்றே வருகிறது, எந்தப் பல்லிட்டி, சுவத்துலயா உத்தரத்துலயா என்று டீச்சர் கேட்க, வகுப்பே பல்லி மாதிரி உச்சுக்கொட்டுகிறது, சிரிக்காதீர்கள் மக்களே என்று டீச்சர் சொல்லவில்லை, நான் பொறுத்துக்கொண்டேன், என் பின்னால் இதே நாக்கோடு வந்த தங்கை பனிமயத்துக்குத்தான் பொறுக்கவில்லை, நாலாம் வகுப்போடு பையைக் கட்டிலுக்கடியில் எறிந்தவள், இன்றைக்கு இறால் கம்பெனியில் தோலுரிக்கிறாள், அங்கேயும் வாயைத் திறப்பதில்லை, அவளை மாதிரி ஒரு பிள்ளை என் வகுப்பில் எழுந்து நின்றால் நான் சிரிக்கமாட்டேன், அதுக்குத்தான்க்கா, வேற ஒண்ணுமில்ல.

ஜெசிந்தா அக்கா தட்டுவதை நிறுத்துகிறாள், கிறுக்கி, நாக்கு வராதவளுக்கு டீச்சர் வேலையான்னு தூக்கிப் போட்ருவாவ, புனிதமான பணின்னு சொல்லு, எல்லாரும் அதத்தான போடுதாவ, சொல்லிக்கொண்டே அழிக்கிறாள், பனிமயம் பின்னிருந்து முன்னாக அழிந்துகொண்டே போகிறாள், முதலில் வாய், அப்புறம் பை, அப்புறம் பெயர், நானும் தடுக்காமல் சொல்ல ஆரம்பிக்கிறேன், புனிதம், அர்ப்பணிப்பு, சேவை, யாருடைய சொற்களையோ ஒப்பிக்கிறேன், அவள் திரையைக்கூடப் பாராமல் என் வாயைக் கேட்டுத் தட்டுகிறாள், அனுப்பியாச்சிட்டி என்கிறாள், தாள் சூடாக வெளியே வருகிறது.

பல்லிப் பருவம் முதலே ஆசிரியப் பணி என் கனவு.

அய்யோ மாதாவே, காதுல விழுந்தத அப்படியே அடிச்சிட்டனே, இனி மாத்தவும் விடாதேட்டி என்று அவள் தலையில் கை வைக்கிறாள், எந்த ஊரிலோ எந்த மேசையிலோ யாரோ உச்சுக்கொட்டுவது எனக்கு இப்போதே கேட்கிறது, குனிந்து பார்க்கிறேன், தரையில் வால் அடங்கிவிட்டது, எல்லாவற்றையும் அறுத்துப் போட்ட தாளில் அந்த ஒரு சொல் மட்டும் துடித்துக்கொண்டிருக்கிறது.