ஒரே வேர் இல்லை

ஆசியக் கலைகளுக்கான அந்த அறக்கட்டளையில் யாருக்கு நிதி கொடுப்பது என்று பார்க்கும் வேலை அவளுடையது. தலைவர் அவளுடைய சித்தப்பா. தரை ஓடு விற்றுச் சம்பாதித்ததை, வெளிநாட்டுக் கலைஞர்களை வரவழைக்கவும் ஆய்வாளர்களை வெளிநாடு அனுப்பவும் செலவழித்தார். ஆபீஸில் 'சார்', வீட்டில் 'சித்தப்பா'. கோபம் வந்தால் அவளுக்கு இரண்டும் குழம்பிப்போகும்.

அந்த வருடம் அவர்கள் பெரிதும் நம்பியிருந்தது ஒரு பெண் ஆய்வாளரை. கல்லூரி வேலைக்கு லீவு போட்டு, சின்ன மகளை அக்காவிடம் விட்டுவிட்டு, கடல் தாண்டி ஒரு தீவுக்குப் போயிருந்தார். நம்முடைய தோல்பாவைகளும் அந்தத் தீவின் பாவைகளும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நிறுவுவதே அவருடைய திட்டம். சித்தப்பாவுக்கு அது ரொம்பப் பிடித்துப்போய், ஆண்டு விழாவுக்கு 'ஒரே வேர்' என்று பெயர் வைத்து அழைப்பிதழும் அடித்துவிட்டார்.

விழாவுக்குச் சில வாரங்களே இருந்தபோது ஆய்வாளர் திரும்பி வந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்தார்.

"மேடம், ஒரே வேர் இல்ல."

"என்ன சொல்றீங்க?"

"தோலப் பதப்படுத்தற விதம் வேற, மூட்டு போடற விதம் வேற. உளிகூட வேற. கதைங்க இங்கிருந்து போயிருக்கலாம். பாவை போகல. அத அவங்களே கண்டுபிடிச்சிருக்காங்க."

"அடுத்த வருஷத்துக்கும் நிதி கேட்டிருக்கீங்களே."

"தெரியும். பொய் சொல்லி வாங்கறதுக்கா எம்பொண்ண விட்டுட்டுப் போனேன்?"

அவள் எழுந்தாள். நேரே சித்தப்பாவின் அறைக்குப் போய்ச் சொன்னாள்.

"கொஞ்சமாவது சம்பந்தம் இருக்கும்ல? அதப் பெரிசு பண்ணிச் சொல்லச் சொல்லு," என்றார்.

"உடைஞ்ச ஓட்ட ஒட்டவெச்சு விப்பீங்களா சித்தப்பா?"

"இது ஆபீஸ்."

"சரி சார். விப்பீங்களா சார்?"

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் அவளிடம் பேசவில்லை. பிறகு ஃபோன் செய்து, "விழா நடக்கட்டும். அத அந்தம்மாவே மேடையில சொல்லட்டும், என்னால முடியாது," என்று வைத்துவிட்டார்.

ஆய்வாளர் சொன்னார். தன் கணிப்பு எங்கே தவறியது என்பதை, இரு நாட்டுப் பாவைகளையும் அருகருகே வைத்துக் காட்டினார். முன்வரிசையிலிருந்த நன்கொடையாளர் ஒருவர் எழுந்தார்.

"அப்போ நாங்க எதுக்குக் குடுத்தோம்?"

"இது தெரியறதுக்குத்தான் சார்."

அவர் திருப்திப்படவில்லை. டீ கொடுப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார்.

விழாவுக்கு வந்திருந்த தீவுக் கலைஞருக்கோ வேர் பற்றிய கவலையே இல்லை. நம் பாவையின் கையை மடக்கிப் பார்த்துச் சிரித்தார். அவர் பேசியதை ஆய்வாளர் தமிழில் சொன்னார்: "எங்க பாவைக்கு முழங்கை இப்படி மடங்காதாம். செஞ்சவர் யாருன்னு கேக்கறார்."

செய்தவர் திரைக்குப் பின்னால்தான் இருந்தார். இருவரும் மேசைமேல் பாவைகளைப் போட்டு கை மூட்டுகளைப் பிரிக்க ஆரம்பித்தார்கள். கூட்டம் கலைந்த பிறகும் சித்தப்பா அங்கேயே குனிந்து நின்றார். என்ன நூல், எத்தனை முடிச்சு என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாம் வருட ஆய்வுக்கு அறக்கட்டளையின் குழு பணம் தரவில்லை. கொடுக்கலாம் என்ற அவள் வாக்கெடுப்பில் தோற்றாள். ஆனால் அந்த இரண்டு கலைஞர்களும் சில மாதம் ஒரே பட்டறையில் வேலை செய்ய சித்தப்பா சொந்தப் பணத்திலிருந்து கொடுத்தார். மொழிபெயர்க்க ஆய்வாளரைக் கூப்பிட்டார்.

"பட்டறை இந்த ஊர்லயே இருக்கணும். எம்பொண்ணு என்கிட்ட இருக்கணும். அறிக்கைய ஒரு வரிகூட மாத்தாம அச்சடிக்கணும்," என்றார் ஆய்வாளர்.

"அதிகாரமா கேக்கறாங்களே," என்று சித்தப்பா அவளிடம் முணுமுணுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை புத்தகமாக வந்தது. பெரிதாக விற்கவில்லை. பட்டறையில் முதல் வாரமே பசை காய்ச்சுவதில் கலைஞர்கள் இருவருக்கும் சண்டை; வசவும் கலந்தது. ஆய்வாளர் மொழிபெயர்ப்பதைப் பாதியில் நிறுத்தி, கையைக் கட்டிக்கொண்டார்.

"இதுக்கு மேல நீங்க சொல்றதெல்லாம் எனக்குத் தமிழ்ல வராது," என்றார்.