நான் எழுதிய மூன்று வரி

ஒளியைவிட வேகமாக எதுவும் ஓடாது. இது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும், கணினிக்குத்தான் தெரியாது. நட்சத்திரம் வெடித்துப் பீறிடும் வாயுவைக் கட்டம் கட்டமாகப் பிரித்து எங்கள் ஆய்வுக் குழு கணினி நிரலில் கணக்கிடுகிறது. ஏதோ ஒரு கட்டத்தில் வேகம் ஒளியைத் தாண்டிவிடும். நிரல் அங்கேயே நின்றுவிடும். மூன்றாம் முறை நின்றபோது என் பொறுமை போய்விட்டது. வேகம் மீறினால் ஒளிவேகத்தில் தொண்ணூற்றொன்பது சதவீதம் என்று வைத்துக்கொண்டு மேலே போ என மூன்று வரி சேர்த்தேன். நிரலை யார் தொட்டாலும் பெயரும் தேதியுமாகப் பதிவாகும் மாற்றக் குறிப்பில் 'மைனர் ஃபிக்ஸ்', சின்னத் திருத்தம், என்று போட்டேன். ஓடியது. அதோடு மறந்தேன்.

எட்டு மாதம் கழித்து கேரல் என் மேஜைக்கு ஓடி வந்தாள். உள்ளூர் ஆஸ்டின் டவுன்காரி, என்னோடு ஒரே நாளில் ஆய்வுக்குச் சேர்ந்தவள். அந்த நிரலை நம்பித்தான் ஆய்வேடு எழுதுகிறாள். எவ்வளவு பலமாகத் தள்ளினாலும் வாயு ஒரே வேகத்தில் போய் நிற்கிறது, இதை இதுவரை யாரும் சொன்னதில்லை என்றாள். அவள் காட்டிய வரைபடத்தைப் பார்த்தேன். தொண்ணூற்றொன்பது சதவீதம். என் மூன்று வரியின் வேலை.

"சூப்பர்டி" என்றேன்.

கருத்தரங்கில் எங்கள் வழிகாட்டி பத்ரிநாத், எப்போதும் ஏன் அதே எண் என்று கேட்டார். நிரலைப் பராமரிப்பவள் நான் என்பதால் கேரல் என்னைப் பார்த்தாள். நிரலை எல்லாம் சரிபார்த்தாயிற்று என்று நான் எழுந்து சொன்னேன். அப்போது வாய் கூசவில்லை. இப்போது நினைத்தால் உடம்பே கூசுகிறது. வீட்டுக்குப் போகும்போது பஸ் அடுகோடி சிக்னலில் நின்ற நேரமெல்லாம் அவளுக்கு உண்மையை டைப் செய்து டைப் செய்து அழித்தேன்.

இரண்டு வாரத்தில் கேரல் குழு முழுவதற்கும் மெயில் போட்டாள். முடிவு தவறு, அந்த அத்தியாயத்தைக் கைவிடுகிறேன், நிரலைப் படிக்காமல் நம்பியது என் பிழை என்று எழுதியிருந்தாள். என் பெயரே இல்லை. பத்ரிநாத் அவள் நேர்மையைப் பாராட்டிவிட்டு, இனி அவள் கணக்குகளை வித்யாலட்சுமி, அதாவது நான், ஒருமுறை சரிபார்க்கட்டும் என்று பதில் எழுதினார்.

அன்று மதியம் கேன்டீனில் கேரலே வந்து என் எதிரில் உட்கார்ந்தாள்.

"அந்த மூணு வரி யார் எழுதினது, என்னிக்கு எழுதினதுன்னு மாற்றக் குறிப்புலயே இருக்குதுல்ல வித்யா. செமினார் முடிஞ்ச அன்னிக்கே பாத்துட்டேன். நீயே சொல்லுவேன்னுதான் இத்தன நாள் சும்மா இருந்தேன்."

என்னால் நிமிர முடியவில்லை. பத்ரிநாத்தின் மெயிலுக்கு அன்று காலையே எல்லோருக்கும் போகும்படி நான் பதில் போட்டிருந்தேன்: 'சரி சார், பார்த்துக்கொள்கிறேன்.' அதையும் அவள் படித்துவிட்டுத்தான் வந்திருந்தாள்.