ஆடு தின்னாத பூ

லோடு ஆட்டோ சந்துக்குள் நுழைய முடியாமல் முனையிலேயே நின்றுவிட்டது. மரிய அருள் மூன்று மூட்டைகளையும் ஒவ்வொன்றாகத் தோளில் தூக்கிவந்து, கிரேசி வீட்டுக் குழாயடியில் இறக்கிவைத்தான். அவள் அப்போது பால் கவர் கழுவிக்கொண்டிருந்தாள். மரிய அருளுக்கு நாற்பது வயசு இருக்கும். கேபிள் டிவி வேலை, கோயில் பங்குப் பேரவையில் பொறுப்பு. யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் கூப்பிடாமலே முதல் ஆளாக வந்து நிற்கிறவன். கல்லறைத் திருநாள் வரப்போகிறதே என்று, நேற்று ஞாயிறு பூசை முடிந்ததும் எல்லாருமாகச் சேர்ந்து கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்துவிட்டார்களாம். பழைய பூவளையங்களை மாநகராட்சி வண்டியில் ஏற்ற இருந்தார்களாம். இவன்தான் தடுத்து அள்ளிக்கொண்டு வந்திருக்கிறான்.

"எல்லாம் ஒங்க ஒழைப்புக்கா. குப்பைக்குப் போவ மனசு வரல. கழுவி வச்சீங்கன்னா இந்த வருசத்துக்கு ஆவும்" என்றான்.

கிரேசிக்கு மனசு நிறைந்துவிட்டது. டீ போட்டுக் கொடுத்து அனுப்பினாள். தன் கைவேலையைக் குப்பை என்று நினைக்காத ஒரு ஆள் ஊரில் இருக்கிறான் என்பதே அவளுக்குப் பெரிசு. ஏனென்றால் அவள் எடுப்பதே குப்பையிலிருந்துதான்.

பால் கவரில் பூ செய்வது சுலபம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை அந்த வாடையை முகர்ந்து பார்க்க வேண்டும். சோடா உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, உள்பக்கம் வெளியே திருப்பித் தேய்த்து, கொடியில் க்ளிப் மாட்டிக் காயவிட்டால்தான் அது போகும். பிறகு நாடாவாகக் கத்தரித்து, மெழுகுவத்திச் சூட்டில் ஓரத்தைக் காட்டினால் சுருண்டு இதழாகும். கொஞ்சம் ஜாஸ்தி காட்டினால் கருகிப்போகும். வளையத்துக்குக் கம்பி வேண்டுமே, அது அவள் வீட்டுக்காரர் லூர்துசாமியின் பொறுப்பு. கெடிலம் பாலத்துக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறார். தேய்ந்துபோன டயரின் ஓரத்தைக் கிழித்து, உள்ளே ஓடுகிற கம்பியை உருவி, வட்டமாக முறுக்கித் தருவார். எதற்கு, யாருக்கு என்றெல்லாம் கேட்க மாட்டார். கேட்காமலே வருஷா வருஷம் ஒரு வளையம் மட்டும் சின்னதாக, ஒரு பெண்பிள்ளையின் தலைக்கு வைக்கிற அளவில், முறுக்கித் தனியாக வைத்திருப்பார்.

அது நித்யாவுக்கு. நித்யா மேரி அவர்களுடைய ஒரே பிள்ளை. ஆறாவது படிக்கும்போது ரத்தத்தில் கோளாறு என்று புதுச்சேரிக்கும் கடலூருக்குமாக அலைந்து, ஒரு ஆடி மாதத்தில் போய்ச் சேர்ந்துவிட்டது. டாக்டர் சத்தாகக் கொடுக்கச் சொன்னதால், அதுவரை நீலக் கவர் பால் வாங்கிய வீட்டில் ஆரஞ்சுக் கவர் வாங்க ஆரம்பித்தார்கள். அந்தக் கவர்களைக் கழுவி ஆணியில் மாட்டிவைத்தது, பழைய பேப்பர்காரனுக்குப் போடலாம் என்றுதான். அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் பிள்ளையின் குழிமேல் கிரேசி சாமந்தி மாலை போட்டாள். ஃபாதர் தீர்த்தம் தெளித்துக்கொண்டு வருவதற்குள் ஆடு பாதியைத் தின்றுவிட்டது. மீதியை மழை அடித்துக்கொண்டு போனது. வீட்டுக்கு வந்து தலையிலடித்துக்கொண்டு அழுதவள் கண்ணில் ஆணியில் தொங்கிய ஆரஞ்சுக் கவர்கள் பட்டன. அன்றைக்குக் கட்டியதுதான் முதல் வளையம்.

ஆடும் தின்னவில்லை, மழைக்கும் கரையவில்லை. அடுத்த வருஷம் பக்கத்துக் கல்லறைக்காரர்கள் எங்கே வாங்கியது என்று கேட்டார்கள். அதற்கடுத்த வருஷம் கோயில் வாசலில் பெஞ்சு போட்டு விற்றாள். போகப்போக ஊரில் செத்தவர்களுக்கெல்லாம் பால் கவர்ப் பூதான் என்று ஆகிவிட்டது. கடலூர் கவர் போதாமல் சிதம்பரம் பஸ் ஏறினாள். அண்ணாமலை நகரில் ஹாஸ்டல் மெஸ்ஸில் மூட்டையாகக் கிடைத்தது. அங்கே குவார்ட்டர்ஸில் இருக்கிற சௌந்தரம் என்கிற அம்மாள், இதே பூவை நீளமாகக் கோத்துக்கொடுத்தால் வாசலுக்குத் தோரணம் ஆகுமே என்று யோசனை சொல்லி, தானே நாலு வீட்டில் விற்றும் கொடுத்தாள். தீபாவளிக்கு அங்கே நிலைப்படியில் தொங்குகிற பூவும், கல்லறைத் திருநாளுக்கு இங்கே கல்லறைமேல் கிடக்கிற பூவும் ஒரே கொடியில் காய்ந்தவை. அந்த ரகசியம் சிதம்பரம் பஸ்ஸுக்கும் கிரேசிக்கும்தான் தெரியும். இரண்டு ஊருக்கும் பொதுவாக அவள் வைத்துக்கொண்ட சட்டம் ஒன்றுதான். ஆரஞ்சுக் கவரை விற்கிற வளையத்தில் சேர்க்க மாட்டாள். கல்லறைத் தோட்டத்தில் ஆரஞ்சு என்றால் நித்யா மட்டும்தான்.

அதற்குக் காரணம் பிரியம் மட்டுமில்லை. குழிமேல் நட்ட மரச்சிலுவையை இரண்டாம் வருஷமே கரையான் அரித்துவிட்டது. தலைமாட்டில் நின்ற வேம்பு 'தானே' புயலில் வேரோடு சாய்ந்தது. மண்மேடும் மழையில் கரைந்து தரையோடு தரையாகிவிட்டது. அதன் பிறகு இடத்துக்கு அடையாளம் அந்த வளையம்தான். புதுசை வைத்த பிறகுதான் பழசை எடுப்பாள். ஒரு நிமிஷம்கூட அந்த இடத்தைச் சும்மா விட்டதில்லை. தோட்டத்துக்குள் நுழைந்ததும் கண் தானாக ஆரஞ்சைத் தேடும், கால் தானாகப் போய் நிற்கும்.

இந்த வருஷம் அந்தக் கவலைக்கும் முடிவு வந்திருந்தது. தோட்டத்தில் இடம் போதவில்லை, கட்டாத பழைய மண்குழிகளைப் புதுச் சாவுகளுக்குத் தோண்டப்போகிறோம், வைத்துக்கொள்ள நினைப்பவர்கள் கல்லறைத் திருநாளுக்குள் சிமெண்டில் கட்டிக்கொள்ளுங்கள் என்று ஈஸ்டர் முடிந்து ஃபாதர் அறிவித்தார். பிள்ளை கிடக்கிற இடத்தில் இன்னொருவரைக் கொண்டுவந்து படுக்கவைப்பார்களா என்று கேட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாள் கிரேசி. நெல்லிக்குப்பத்துக் கொத்தனார் கலியமூர்த்தியிடம் சொல்லி, வருகிற வியாழக்கிழமை வேலை ஆரம்பிப்பதாகப் பேசிவைத்தாள். பேர் வெட்டிய கல் கட்டிலுக்கடியில் போர்வை சுற்றிக் கிடந்தது.

முதல் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினாள். வெளுத்த நீலம், பச்சை. இரண்டாவது மூட்டையைக் கொட்டியபோது சின்ன ஆரஞ்சு வளையம் ஒன்று உருண்டுவந்து அவள் காலருகில் விழுந்தது.

அதை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு ஈரக் கையோடு எழுந்து, கதவைக்கூடச் சாத்தாமல் ஓடினாள்.

தோட்டம் அழகாகத்தான் இருந்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். ஜேசிபி விட்டு முள்ளும் புதரும் வாரி, பள்ளமெல்லாம் மேவி, மேலே செம்மண் கொட்டிச் சமப்படுத்தியிருந்தார்கள். கட்டின கல்லறைகள் மட்டும் சுண்ணாம்பு பூசிக்கொண்டு நின்றன. வேம்பு சாய்ந்த பள்ளம்கூட இல்லை. கிழக்குச் சுவரோரம் என்று தெரியும், ஆனால் அந்தச் சுவரோரம் முழுக்க இப்போது ஒரே சிவப்புத் தரை. இப்படிப் போய் நின்றால் இது மாதிரி இருந்தது, அப்படிப் போய் நின்றால் அதுவும் அது மாதிரியே இருந்தது. இத்தனை வருஷம் அவள் இடத்தைப் பார்த்ததே இல்லை, ஆரஞ்சு நிறத்தைத்தான் பார்த்திருக்கிறாள் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

கோயில் உபதேசியாரின் அடக்கப் புத்தகத்தில் பேரும் தேதியும் இருந்தன, இடம் என்று ஒன்றும் இல்லை. குழி வெட்டியவர் செத்து அவரே உள்ளே எங்கேயோ கிடக்கிறார். விஷயம் தெரிந்ததும் மரிய அருள் ஓடிவந்தான். இரண்டு ஞாயிறு பூசையிலும் அறிவித்தார்களாம், கட்டப்போகிறவர்கள் வந்து முளை அடித்து அடையாளம் வைத்துவிட்டுப் போகச் சொல்லி. அந்த இரண்டு ஞாயிறும் கிரேசி பூசைக்குப் போகவில்லை. தீபாவளித் தோரணம் கொடுக்க அண்ணாமலை நகர் போயிருந்தாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். யாரைத் திட்டுவது? அவன் கையைப் பிசைந்துகொண்டு சுவரைப் பார்த்து அழுதான். கடைசியில் அவள்தான் அவன் முதுகைத் தட்டி, நீ என்ன வேணும்னா செஞ்ச என்று தேற்றி அனுப்ப வேண்டியிருந்தது.

வீட்டில் சொல்லவும் முடியாமல் மெல்லவும் முடியாமல் இரண்டு நாள் கிடந்தாள். லூர்துசாமி கல்லறைத் தோட்டத்துப் பக்கமே வராதவர். அடக்கத்தன்றைக்குக் குழி மூடும்வரைகூட அவர் நிற்கவில்லை. முதல் பிடி மண்ணைப் போட்டுவிட்டு நேராகப் போய்க் கடையைத் திறந்துவிட்டார். பெற்ற பிள்ளையைப் புதைத்த கையோடு பஞ்சர் ஒட்டுகிறான் பார் என்று ஊர் பேசியது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது. கிரேசியும் ஊரோடு சேர்ந்துகொண்டு மனசுக்குள் அதையே பேசினாள், ரொம்ப வருஷம். வெளியே ஒரு வார்த்தை கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. இடத்தை அவரிடம் கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

புதன்கிழமை மத்தியானம் சாப்பிட வந்தவர், ஆணியில் மாட்டியிருந்த ஆரஞ்சு வளையத்தைப் பார்த்துவிட்டு அதன் கம்பியைத் தடவினார்.

"இது போன வருசம் நான் முறுக்கினதாச்சே. இங்க எப்பிடி வந்துச்சி?"

அவள் சொன்னாள். சொல்லி முடிக்கிறவரை அவர் சோற்றில் கை வைக்கவில்லை. பிறகு சாப்பிட்டார், கை கழுவினார், கடைக்குப் போய்விட்டார். அன்றைக்கு அவர்மேல் வந்த ஆத்திரம் அவளுக்கு ஆயுசுக்கும் வந்ததில்லை.

வியாழக்கிழமை காலையில் கலியமூர்த்தி செங்கல்லும் மணலும் இறக்கிவிட்டு, கரண்டியை மடியில் வைத்துக்கொண்டு நிழலில் உட்கார்ந்திருந்தார். கிரேசி சுவரோரமாகவே நடந்துகொண்டிருந்தாள். ஒரு இடத்தில் நிற்பாள், குனிந்து மண்ணைத் தொடுவாள், தலையை ஆட்டிக்கொண்டு நகர்வாள். இதோ காட்டிவிடுகிறேன் என்று அவரிடம் சொல்லிச் சொல்லி அவளுக்கே வெட்கமாக இருந்தது. ஜெபம் சொல்லிப் பார்த்தாள். நித்யா, நீயாவது ஏதாவது காட்டேன் என்று வாய்விட்டுக் கேட்டும் பார்த்தாள்.

கொத்தனார் தன்மையான மனிதர். "எடத்தக் காட்டுனீங்கன்னா ஆரம்பிச்சிடுவேன்மா. மழை வந்துடும் போலருக்கு" என்றார்.

அப்போது கேட்டருகில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிற சத்தம் கேட்டது. லூர்துசாமி பூசைக்குப் போடுகிற வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். உள்ளே செருப்போடு வரலாமா கூடாதா என்றுகூட அவருக்குத் தெரியவில்லை. கழற்றி, மறுபடி மாட்டி, கடைசியில் கையில் எடுத்துக்கொண்டார். வரிசையாக இருந்த கல்லறைகளுக்கு நடுவே மெதுவாக நடந்துவந்தார். சுவருக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு இடத்தில் நின்றார்.

"இங்கதான்" என்றார்.

"ஒங்களுக்கு எப்பிடித் தெரியும்?"

"தெரியும் கிரேசி. இந்த எடம்தான்."

அவர் கண் தரையில் இல்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பொய் சொல்லிப் பழகாத மனுஷன், சரியாகச் சொல்லிவிட்டோமா என்று பரீட்சை எழுதின பிள்ளை மாதிரி பார்த்துக்கொண்டு நின்றார். வேம்பு இருந்த திக்குக்கும் அவர் நின்ற இடத்துக்கும் சம்பந்தமே இல்லை. இது இல்லை என்று மட்டும் கிரேசிக்கு நிச்சயமாகத் தெரிந்தது. எது என்று தெரியாதவளுக்கு, இது இல்லை என்பது தெரிந்துவிட்டது. அடியில் யார் பெற்ற பிள்ளையோ, யார் வீட்டுத் தகப்பனோ. நித்யா பேர் வெட்டிய கல்லைச் சுமந்துகொண்டு அவர்கள் கிடக்க வேண்டும். அவள் பிள்ளையோ பேரில்லாத செம்மண்ணுக்குக் கீழே, அடுத்த சாவுக்கு வெட்டப்போகிற குழிக்காகக் காத்துக்கொண்டு கிடக்கும். இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தாள்.

அதற்குள் அவர் உட்கார்ந்துவிட்டார். செருப்பைப் பக்கத்தில் வைத்துவிட்டு, கிரீஸ் ஏறிய இரண்டு கையையும் மண்மேல் பரப்பிவைத்தார். "நித்யாம்மா" என்றார். அந்தப் பேரை அவர் வாயால் அவள் கேட்டு எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. "நித்யாம்மா, அப்பா வந்துருக்கேன்" என்று சொல்லிவிட்டு, தோள் குலுங்க, சத்தமில்லாமல் அழ ஆரம்பித்தார். குழி மூடுவதற்குள் ஓடிப்போனதை எல்லாம் சேர்த்துவைத்து அழுகிற மாதிரி இருந்தது. இத்தனை வருஷம் அவளுக்கு வந்து அழ ஒரு இடம் இருந்தது. இந்த மனுஷனுக்கு இன்றைக்குத்தான் கிடைத்திருக்கிறது. அதை எப்படிப் பிடுங்குவது?

"இதானேம்மா?" என்று கலியமூர்த்தி முளையும் சுத்தியலுமாக வந்து நின்றார். "ஒரு தடவ அடிச்சிட்டன்னா அப்புறம் மாத்த முடியாது."

கிரேசி சுவரோரத்துச் செம்மண்ணை ஒரு கோடியிலிருந்து மறு கோடிவரை பார்த்தாள்.

"ஆமா, இதான்" என்றாள்.

அவர் தலைமாட்டில் முளையை அடித்து அதில் நூலைக் கட்டினார். மறு முனையை அவளிடம் கொடுத்து, தள்ளிப் போய் உட்கார்ந்து இழுத்துப் பிடிக்கச் சொன்னார். தொய்வு இருந்தால் சுவர் கோணிவிடுமாம். அவள் போய்க் கால்மாட்டில் உட்கார்ந்து இழுத்தாள். நூல் நடுவில் லூர்துசாமியின் முதுகில் தட்டி வளைந்து நின்றது. அவர் மண்ணிலிருந்து கையை எடுக்கவில்லை. ஐயா கொஞ்சம் நகர்ந்துகொண்டால் தேவலை என்று கொத்தனார் சொன்னார்.

"அவர் இருக்கட்டும்" என்றாள் கிரேசி. கையை உயர்த்தி, நூல் அவர்மேல் படாமல் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டாள்.