பச்சையாக இருந்த மூலை

மண் சோதனை பார்க்கிறவர் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார்கள். சுண்ணாம்புக்காரி ஆறு மணிக்கே வயலில் இறங்கிவிட்டாள். தட்டைப்பயறு நாற்பது நாள் செடி. பூ எடுக்க ஆரம்பித்திருந்தது. நடுவயலில் ஒரு செடியைச் சுற்றிக் களைக்கொத்தால் மண்ணை நெகிழ்த்தி, வேரோடு கட்டியாகத் தூக்கி, வாளித் தண்ணீரில் அலசினாள். பிடுங்கக் கூடாது. பிடுங்கினால் வேர் முடிச்செல்லாம் மண்ணோடு அறுந்துவிடும், அப்புறம் இருந்ததையும் இல்லை என்பார்கள்.

மிளகு அளவில் பதினாறு முடிச்சு இருந்தது. ஒன்றை நகத்தால் கீறினாள். உள்ளே சிவப்பு. "அப்பாடா" என்று வாய்விட்டே சொன்னாள். சிவப்பு என்றால் முடிச்சுக்குள் நுண்ணுயிர் உயிரோடு இருக்கிறது, காற்றிலிருந்து சத்தை இழுத்துச் செடிக்குக் கொடுக்கிறது. முதல் வருஷம் இந்த வயலில் எந்த வேரிலும் மருந்துக்குக்கூட ஒரு முடிச்சு கிடையாது. அமிலம் ஏறி அவ்வளவு புளித்த மண். விதையில் புரட்டிய நுண்ணுயிர்ப் பொட்டலங்களும் வீணாய்ப் போயின. மூன்று வருஷமாக அவளும் புருஷனும் சுண்ணாம்புத் தூளைச் சுமந்து கொட்டிக் கொத்தினார்கள். முகத்தில் துணி கட்டியும் கண் எரிந்தது. பேரும் அதிலிருந்துதான் ஒட்டிக்கொண்டது.

நிலத்தைக் கொடுத்த அன்று பண்ணை மானேஜர் சொன்ன பேச்சு இது: மூன்று வருஷம் குத்தகைப் பணம் இல்லை, அதற்குள் மண் தேறினால் பத்து வருஷத்துக்கு நிலம் அவர்களுக்கே, தேறாவிட்டால் வெளியே. வயலோரத்து ஒற்றை அறையும் நிலத்தோடு சேர்த்தி. எட்டாவது படிக்கிற மகள் அந்த அறையிலிருந்துதான் பள்ளிக்கூடம் போகிறாள். இன்றைக்குத்தான் மூன்றாம் வருஷச் சோதனை.

புருஷன் வந்து வரப்பில் நின்றான். அவன் கண் பாதையோரத்து மூலையிலேயே இருந்தது. அங்கே மட்டும் செடி கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது.

"என்னங்க, திருடன் மாதிரி முழிக்கிறீங்க?"

"ஒண்ணுமில்ல. அந்த மூலை முளைச்சப்ப வெளுத்துப்போய் இருந்துச்சா... ரெண்டு கைப்பிடி யூரியா போட்டேன்."

"ஐயோ! எப்ப?"

"பன்னெண்டாம் நாளு. வர்றவரு பாதையிலேர்ந்து பாக்குறப்ப பச்சையா தெரியட்டுமேன்னு..."

"பச்சைக்கா மார்க்கு போடுறாங்க? வேருக்குல்ல போடுறாங்க!"

ஓடிப்போய் அந்த மூலையில் ஒன்றைத் தோண்டினாள். வேர் மொட்டையாக இருந்தது. ஒரு முடிச்சுகூட இல்லை.

"அவரு இந்தப் பக்கம் வராம பாத்துக்கலாம்" என்றான்.

"எப்படி? நீங்க குறுக்க படுத்துக்கிறீங்களா?"

சோதனைக்காரர் பத்தே காலுக்கு வந்தார். பைக்கை நிறுத்தி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நேரே அந்த மூலைக்குத்தான் நடந்தார். "அட, இங்க ஜோரா இருக்கே" என்று குனிந்து தோண்டினார். வேரை அலசித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னம்மா, ஒண்ணையும் காணோம்?"

அவள் முன்னால் வந்தாள். "சார், இது நாங்க பண்ண தப்பு. இந்த இடத்துல மட்டும் யூரியா போட்டுட்டோம்."

அவர் சிரித்துவிட்டார். "ஆக்கின சோத்தை வாசல்ல கொண்டுவந்து வச்சா எவன் அடுப்பு பத்தவைப்பான்? செடி சொகுசாயிடுச்சு, முடிச்சு வைக்கல."

"நடுவுல தோண்டிப் பாருங்க சார். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

அவர் பேனாவைத் திறந்தபடி அவளைப் பார்த்தார். "இந்த மூலையில கண்டதையே எழுதிட்டுப் போயிடவா? நல்லா யோசிச்சுச் சொல்லும்மா."

"அப்படிச் சொல்லாதீங்க சார்! நடுவுல பாருங்க, அத்தனையும் சிவப்பு!"

அவர் பெருமூச்சு விட்டுக்கொண்டு நடுவயலுக்கு நடந்தார். ஐந்து இடத்தில் தோண்டினார். ஐந்திலும் முடிச்சு, ஐந்திலும் சிவப்பு. மண்ணைக் கரைத்துச் சோதனைத் தாளை நனைத்துப் பார்த்தார். புளிப்பு போயிருந்தது. நம்பர் அச்சடித்த தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். "தேறிடுச்சு."

அவள் புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. "குத்தகைப் பத்திரம் எப்ப சார் குடுப்பாங்க?"

"பழைய மானேஜர் போய் எட்டு மாசம் ஆச்சேம்மா. இப்ப தேறின மண்ணைப் பண்ணையே எடுத்துக்குது. இந்த அறுப்பு முடிஞ்சதும் டிராக்டர் இறக்கப்போறாங்க." பேனாவை மூடினார். "தேறலைன்னா இன்னும் ரெண்டு வருஷம் உங்ககிட்டயே விடணும்னு உத்தரவு. அதுக்குத்தான் கேட்டேன்."

"அதை வாயத் தொறந்து சொல்லக் கூடாதா சார்?"

"நானும் பண்ணைச் சம்பளக்காரன்மா."

புருஷன் தாளையே பார்த்தான். "அடிச்சு எழுத முடியாதா?"

"நம்பர் போட்ட தாளுப்பா, அடிச்சாலும் கிழிச்சாலும் கணக்குக் கேப்பாங்க." பெட்டியை மூடினார். "வெளிய போகச் சொல்லல. இந்த வயலுக்குக் கீழ இருக்கிற துண்டு உங்களுக்குத்தான். அதே கணக்கு, மூணு வருஷம் குத்தகை கிடையாது."

கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். கீழ்த்துண்டில் தண்ணீர் நின்றது. சாம்பல் நிறச் சேறு; அழுகின முட்டை நாற்றம். அவள் உடுப்பை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு இறங்கினாள். கெண்டைக்கால் வரைக்கும் உள்வாங்கியது.

"இவ்வளவு தண்ணியில வேருக்கு மூச்சே இருக்காதே. முடிச்சு எங்கேருந்து வரும்?" என்றான் புருஷன்.

"எங்கேருந்து வருது இந்தத் தண்ணி?" என்றபடி அவள் மேட்டைப் பார்த்து நடந்தாள்.

அவர்கள் தேற்றிய மேல்வயலிலிருந்து ஒரு வடிகால் இறங்கி அங்கே கொட்டியது. போன மழையில் பயறு அழுகிவிடக் கூடாதென்று அவர்கள் இரண்டு பேரும் நாலு நாள் நின்று வெட்டினது. அவள் குனிந்து இரண்டு கை நிறையச் சேற்றை அள்ளி அதன் வாயை அடைக்கப் போனாள்.

"அதைத் தொடாதம்மா" என்றார் சோதனைக்காரர் வரப்பிலிருந்து. "மேல்வயல் கெட்டுடும். பண்ணை விடாது."

அவள் அள்ளிய சேற்றோடு நின்றாள். வடிகால் தண்ணீர் அவள் கால்மேல் விழுந்துகொண்டிருந்தது.